கடல் கடந்த ஊதியமும் வீட்டுக் கணக்கும்

மேலூர் வட்டாரத்து நிலங்களுக்குப் பெரியாற்று நீர் கிட்டியது 1895-இல் அணை திறக்கப்பட்ட பின்னரேயாம். கள்ளந்திரி வரையில் இருபோகம். அதற்கு அப்பால் ஒருபோகம். கால்வாய் எட்டாத கொட்டாம்பட்டிப் பக்கத்திலோ வானமும் கிணறுமே துணை. ஒரு போகம் அறுத்த பின் எஞ்சும் மாதங்களுக்கு வேலை வேண்டும். கருங்கல் குவாரிகள் ஓரளவு வேலை அளித்து வந்தன. 2012-இல் அவையும் நின்றன. இளைஞர்கள் வளைகுடா நாடுகளையும் சிங்கப்பூரையும் மலேசியாவையும் நோக்கிப் புறப்படுவதில் வியப்பில்லை. போகவேண்டாம் என்று சொல்வது நமது நோக்கமன்று. போகுமுன் போடவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அதனை ஈண்டு ஆராய்வோம்.

நம் முன்னோரும் கடல் கடந்தவர்களே. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தனர். கங்காணிமார் செய்த கொடுமைகள் பல. ஆயினும் 1907-இல் மலாயாவில் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகளே பணம் செலுத்தினர். கூலியாளின் கப்பற்செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. இன்று ஆள் வேண்டுபவன் அங்கே இருக்க, செல்பவனே தன் வழிச்செலவைக் கடனாகத் தலையில் ஏற்றிக்கொள்கிறான். இந்த ஒன்றில் நாம் முன்னேறினோமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். உதாரணமாக ஒருவர் ரூ. 1,20,000 கடன் வாங்கிச் செல்வதாகக் கொள்வோம். வட்டி, ஊர் வழக்கப்படி நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஊதியம் மாதம் ரூ. 25,000 என்று தரகர் சொல்லியிருக்கிறார். அங்கே உணவுக்கும் கைச்செலவுக்கும் ரூ. 8,000, வீட்டுக்கு ரூ. 8,000 போக, கடனுக்கு ரூ. 9,000 மிஞ்சும். மாதந்தோறும் அசலிலும் கழித்துவந்தால் பதினெட்டாம் மாதத்தில் கடன் தீரும். ஒப்பந்தம் இரண்டு ஆண்டு என்றால், சேமிப்புக்கு எஞ்சுவது ஆறு மாதமே.

அங்கே இறங்கிய பிறகு ஊதியம் ரூ. 20,000 தான் என்று தெரியவந்தால் என்ன ஆகும்? கடனுக்கு மிஞ்சுவது ரூ. 4,000, முதல் மாத வட்டி மட்டும் ரூ. 3,600. அசலில் கழிவது நானூறு ரூபாய். இவ்வாறு கட்டினால் கடன் தீர 78 மாதங்கள், அதாவது ஆறரை ஆண்டுகள் ஆகும். ஊதியம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. கடன் நீண்டதோ நான்கு மடங்குக்கு மேல். முதல் ஊதியம் கைக்கு வருமுன் ஓடிய மாதங்களின் வட்டி இதில் சேரவில்லை. அதே கடனை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் பெற்றிருந்தால், ரூ. 20,000 ஊதியத்திலும் 36 மாதங்களில் தீர்ந்துவிடும். நகை இருப்பின் தனியாரிடம் செல்லாது கூட்டுறவுச் சங்கத்தையோ வங்கியையோ முதலில் அணுகவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பணக்கணக்கில் சேராத செலவும் உண்டு. கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தோம். மகன் வளைகுடாவில் கட்டட வேலை. வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் முகம் காட்டுவான். வீட்டின் முன்புறம் பூசி முடிந்திருந்தது. பின்புறம் செங்கல்லாகவே நின்றது. "ஆத்தாளுக்குக் கண்ணு தெரியலேன்னு அவன்கிட்ட சொல்லலீங்க. சொன்னா வந்துருவான், வந்தா வட்டி யாரு கட்டுறது?" என்றார் அவர். மகனும் கைவிரல் நசுங்கியதை மூன்று மாதம் மறைத்தானாம். பேரப்பிள்ளை, வாசலில் யார் வந்தாலும் "அப்பாவா?" என்று தொலைபேசியைத்தான் பார்க்கிறது. மருமகள் சங்கத்துக்கும் வங்கிக்கும் பள்ளிக்கும் தானே நடக்கிறாள். முறைத் தண்ணீர் வரும் இரவில் மடையில் நிற்க ஆளின்றி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டனர். அந்தக் குத்தகையில் குறைந்த நெல்லையும் வெளிநாட்டுச் செலவில் எழுதவேண்டும் அல்லவா? யாரும் எழுதுவதில்லை.

செல்வது என்று துணிந்தவர்கள் சட்டம் தரும் காப்பை விட்டுவிடலாகாது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவரே ஆள் சேர்க்கலாம். அவர் பெறும் சேவைக் கட்டணம் ரூ. 30,000-க்கு மேற்படலாகாது, வரி தனி. கொடுத்த தொகைக்கு ரசீது கேட்கவேண்டும். ரசீது தர மறுப்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடாதிருப்பதே நன்று. முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா முதலியவற்றுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்பவர் இந்த அனுமதியைத் தவிர்க்கவே அவ்வாறு சொல்கிறார். அங்கே பிடிபட்டால் ஊதியம் கேட்கவும் உரிமை இராது. அனுமதி பெற்றுச் செல்பவருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீடு உண்டு. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் ரூ. 10 லட்சம் கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கு ரூ. 275 என்று 2017-இல் கட்டணம் வகுக்கப்பட்டது. ஊர்த் தரகர் கேட்கும் தொகைக்கு முன் இது எம்மாத்திரம்! தமிழ்நாடு அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதன் வழியாகவும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்க சிறு காரியம் ஒன்று உண்டு. தம் ஊரிலிருந்து எவர், எந்நாட்டுக்கு, எந்த முகவர் வழியே சென்றார் என்று, குடும்பத்தார் இசைவுடன், ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கலாம். இடர் வந்து தூதரகத்துக்கு எழுத நேரும்போது, பல வீடுகளில் வேலை செய்யும் கம்பெனியின் பெயர்கூடத் தெரிவதில்லை, நாட்கள் வீணாகின்றன. ஆகவே பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம் ஆகிய நான்கின் நகல்களும் பயண நாளுக்கு முன்பே மனைவியிடமோ தாயிடமோ இருத்தல் வேண்டும்.