கடை மாடியில் ஒயர்லெஸ் கம்பம்: இடிமின்னலிலிருந்து காப்பது எப்படி?



கடைவீதியில் கடையும் ஊருக்கு வெளியே கிடங்கும் வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள் பலர், இரண்டுக்கும் நடுவே ஒயர்லெஸ் இணைப்பு வைத்திருக்கிறோம். கிடங்கில் இறங்கும் மூட்டைக் கணக்கும் கேமரா படமும் நொடியில் கடைக்கு வந்துவிடுகின்றன. இதற்காக மாடியில் 20, 30 அடி இரும்புக் கம்பம் நட்டு உச்சியில் ஆண்டெனாவைக் கட்டுகிறோம். வீதியிலேயே உயரமான இரும்பு அதுதான் என்பது கோடை இடி முழங்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

மின்னல் கம்பத்தின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தெருவில் விழுந்தாலும் நம் ஒயர்களில் அதிர்ச்சி மின்சாரம் பாயும். மழையே இல்லாத நாளிலும் காய்ந்த காற்றும் புழுதியும் உரசி ஆண்டெனாவில் நிலைமின்சாரம் சேரும். கம்பத்துக்கு எர்த் இருந்தால் அது சேரச் சேர மண்ணில் இறங்கிவிடும். இல்லையென்றால் கருவியின் வழியாக இறங்கும்.

ஆகவே எல்லாம் எர்த்தில்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு தவறான கருத்து பரவலாக உள்ளது. "இடிதாங்கிக்குத் தனிக் குழி, கரண்டுக்குத் தனிக் குழி, இரண்டும் ஒட்டவே கூடாது" என்று வேலைக்கு வருபவர்கள் சிலர் சொல்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சராசரி மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் பாய்கிறது. கம்பத்தின் எர்த் குழிக்குத் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 30,000 × 5 = 1,50,000 வோல்ட். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிற அந்த நேரத்தில் கம்பமும் ஆண்டெனா ஒயரும் ஒன்றரை லட்சம் வோல்ட்டில் நிற்கின்றன. தனியாக இருக்கும் கரண்ட் எர்த்தோ கிட்டத்தட்ட சுழியத்தில் நிற்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருப்பது நம் பில் போடும் கம்ப்யூட்டர். வித்தியாசம் முழுவதும் அதற்குள் புகுந்து பாய்கிறது.

இரண்டு குழிகளையும் தடித்த பட்டையால் இணைத்துவிட்டால் எல்லாம் சேர்ந்தே உயரும், சேர்ந்தே இறங்கும். தராசை அப்படியே மேலே தூக்கினாலும் முள் நடுவில்தானே நிற்கும்? அதுபோலத்தான். எர்த்திங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043-உம் ஒரு கட்டடத்தின் எர்த்துகளை ஒன்றோடொன்று இணைக்கவே சொல்கிறது.

இடிதாங்கியின் முனை ஆண்டெனாவைவிட இரண்டு மூன்றடி உயரமாக இருக்கட்டும். அங்கிருந்து வரும் பட்டை கூர்மையாக மடங்காமல், வெளிச்சுவர் வழியே நேராக மண்ணுக்கு வர வேண்டும். மிச்சமான நீளத்தைச் சுருட்டிக் கட்டி வைக்கும் வழக்கம் மிகவும் கெடுதல். ஆண்டெனா ஒயர் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சர்ஜ் அரெஸ்டரும், மெயின் போர்டில் இன்னொன்றும் போட வேண்டும். மெயின் போர்டில் போடுவதன் இணைப்பு ஒயர் மொத்தமாக அரை மீட்டருக்கு மிகக் கூடாது. நீண்டால் பலன் குறையும். இந்தக் கருவி அடி வாங்கி வாங்கி ஓசையில்லாமல் செத்துவிடும். அதன் சிறு கண்ணாடியில் பச்சை நிறம் மாறியிருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். "ஸ்டெபிலைசர் இருக்கிறது, யு.பி.எஸ். இருக்கிறது" என்று தெம்பாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவை வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் கரண்ட் போகும் நேரத்துக்கும் உள்ளவை. மின்னலுக்கு அல்ல.

பக்கத்துக் கட்டடத்துக்கு இணைப்புக் கொடுப்பவர்கள் செம்பு ஒயர் இழுக்காமல், உள்ளே கம்பி இல்லாத ஃபைபர் ஒயர் போடுவது நல்லது. கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது.

கடைப் பையன்களின் உயிர் எல்லாவற்றிலும் பெரிது. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. 30 நொடிக்குள் கேட்டால் யாரையும் மாடிக்கு அனுப்பாதீர்கள். பிளக்கையும் ஆண்டெனா ஒயரையும் கழற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பே கழற்ற வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது ஒயரைத் தொடவே கூடாது.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. தீ விபத்துப் பாலிசியில் மின்னல் சேர்ந்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் மின்சாரம் மிகுந்து பாய்ந்து கருவி கெட்டால், அது மின்னலால் ஆனாலும், அந்தக் கருவிக்கு மட்டும் இழப்பீடு இல்லை என்ற விலக்கு வாசகம் பல பாலிசிகளில் உண்டு. சரக்கு எரிந்தால் பணம் வரும், கம்ப்யூட்டர் கெட்டால் வராது. எலக்ட்ரானிக் கருவிகளுக்கென்று தனிப் பாலிசி இருக்கிறது. இந்த ஆண்டு புதுப்பிக்கும்போது, பிரீமியத்தைக் கேட்பதற்கு முன் அந்த விலக்குப் பக்கத்தை ஏஜெண்டிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.