அடுப்பில்லாச் சிற்றுண்டியும் நார்ச்சத்தும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

காலை உணவை அரைகுறையாக முடித்துக் கல்லூரிக்கு ஓடிவரும் நம்மில் பலர், பதினொரு மணி இடைவேளையில் ஒரு தேநீரையும் இரண்டு மைதா பிஸ்கட்டையும் கொண்டு பசியாற்றுகிறோம். பசி அடங்கிவிடுகிறது. ஆனால் உடலுக்கு வேண்டிய நார்ச்சத்து கிடைக்கிறதா? பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உட்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. விடுதியில் அடுப்பு மூட்ட இயலாத மாணவரும் அதில் ஒரு பங்கைக் குறைந்த செலவில் பெறலாம். அது எங்ஙனம் என்பதைக் காண்போம்.

அரிசியின் மாவுச்சத்தும் தவிட்டின் செல்லுலோசும் குளுக்கோஸ் மூலக்கூறுகளால் ஆனவையே. முன்னதில் அவை ஆல்பா பிணைப்பாலும், பின்னதில் பீட்டா பிணைப்பாலும் கோக்கப்பட்டுள்ளன. மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி நம் உமிழ்நீரிலேயே உண்டு; செல்லுலோசைச் சிதைக்கும் நொதியோ மனித உடலில் இல்லை. ஆகவே அது செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, நீரைப் பிடித்துவைத்து மலச்சிக்கலைத் தடுக்கிறது. பெக்டின் போன்ற கரையும் நார்கள் கூழாகி, சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கின்றன.

வெறும் சக்கையென்று கருதப்பட்ட இப்பொருளின் பெருமையை 1970-களில் உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் டெனிஸ் பர்கிட் என்னும் அறுவை மருத்துவர். உகாண்டாவில் பணியாற்றிய அவர், மேலைநாடுகளில் மலிந்திருந்த பல குடல்நோய்கள் நார்மிகுந்த உணவை உண்ட அம்மக்களிடம் அரிதாயிருந்ததைச் சுட்டிக்காட்டினார்.

நார்ச்சத்தை விலை கொடுத்து டப்பாவில் வாங்க வேண்டியதில்லை. உணவிலிருந்து அதை நீக்காதிருந்தாலே போதும். தீட்டிய அரிசி 100 கிராமில் நார் 3 கிராமுக்கும் குறைவு. தோலுடன் கூடிய பாசிப்பயறிலோ ஏறத்தாழ 16 கிராம். இனிச் செய்முறைகளுக்கு வருவோம்.

1. முளைப்பயறுக் கலவை: 50 கிராம் பாசிப்பயறை இரவு முழுதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுக. மறுநாள் முளை கண்டதும் நன்கு அலசி, கேரட் துருவல், தேங்காய்த் துருவல், எலுமிச்சைச் சாறு, உப்புச் சேர்க்கவும். பயறிலிருந்து மட்டும் 8 கிராம் நார் கிடைக்கும். முளைத்தவுடன் உண்டுவிட வேண்டும். பிசுபிசுப்போ வாடையோ இருந்தால் எறிந்துவிடுக. கருவுற்ற பெண்களும் நோயுற்றோரும் வேகவைத்தே உண்ண வேண்டும்.

2. சிவப்பு அவல்: அவல் முன்பே சூடுபடுத்தி இடிக்கப்பட்டதாதலால் மீண்டும் வேகவைக்கத் தேவையில்லை. சுத்தமான நீரில் கால்மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, வெல்லத்தூளும் தேங்காய்த் துருவலும் கலந்தால் போதும். வாழைப்பழத் துண்டுகள் சேர்த்தால் நார் கூடும்.

3. கடலை–பேரீச்சை உருண்டை: கடையில் கிடைக்கும் வறுத்த நிலக்கடலை 200 கிராமைத் தோலுடன் கரகரப்பாக இடித்து, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம், அவல்பொடி 50 கிராம் சேர்த்து மேலும் இடித்து 20 உருண்டைகளாகப் பிடிக்கலாம். பழத்தின் பசையே பிடிமானம் தருவதால் பாகு காய்ச்ச வேண்டாம். உருண்டை ஒன்றில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் நார் உண்டு. பூஞ்சை படிந்த, சுருங்கிய, கசக்கும் கடலைகளைப் பொறுக்கி அகற்றுவது இன்றியமையாதது. கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு அவற்றில் இருக்கக்கூடும்.

நல்லதென்று ஒரே நாளில் அளவை மிகுத்தால் வயிறு உப்பும். சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் போதிய அளவு பருக வேண்டும்.

பயறும் அவலும் கடலையும் ஏழை வீட்டுத் தீனி என்று எண்ணிக் கூச்சப்பட்டு, அவற்றைப் பையில் எடுத்துவரத் தயங்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் கொண்டுவருவது ஆய்வகம் மெச்சும் உணவு. நாளை முதல் இடைவேளையில் அவர்கள் அதை மறைத்து உண்ண வேண்டாம், நம்மோடு பகிர்ந்துகொள்ளட்டும்.