பவுலடிகளின் கப்பற்சேதமும் பிரயாணிகளின் மூட்டைகளும்

சென்ற ஆண்டு விடுமுறையில் எம் கல்லூரித் தமிழ் மாணவர் 14 பேரும் ஆசிரியர் இருவருமாக மலேசிய நாட்டிற்குச் சென்றிருந்தோம். கொழும்பில் விமானம் மாறிக் கோலாலம்பூரில் இறங்கியபோது எம் பெட்டிகளுள் மூன்று வந்து சேரவில்லை. அவற்றுள் ஒன்றிற் குழுவினர் அனைவர்க்குமுரிய மருந்துகளும், மற்றொன்றில் ஆங்குப் படித்தற்கென யாம் எழுதி வைத்த கட்டுரைகளின் கையெழுத்துப் படிகளும் இருந்தன. பெட்டி இழந்தோர் அங்கேயே காத்திருத்தல் வேண்டுமென்றனர். இழவாதோர் விடுதிக்குப் போய்விடலாமென்றனர். பெட்டி போன வருத்தத்தினும் அந்த ஒருமணி நேரத்தில் எழுந்த பூசலே எம்மைப் பெரிதும் நாணச் செய்தது. அன்றிரவு ஜெபவேளையில் எம் ஆசிரியர் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தைப் படிக்கச் செய்தார். ஞாயிறு பாடசாலையிற் கதையாகக் கேட்டிருந்த அப்பகுதியைக் கூட்டமாய் அயல்நாடு செல்வோர்க்குரிய பாடமாக வைத்துப் பின்னர் ஆராய்ந்தோம். அவ்வாறு கண்டவற்றுட் சில வருமாறு.

கி. பி. 60-ஐ ஒட்டி நிகழ்ந்ததென அறிஞர் கருதும் இப்பயணத்திற் பவுலடிகள் ஒரு கைதி. யூலியு என்னும் நூற்றுக்கு அதிபதியின் காவலிற் செசரியாவினின்று புறப்பட்டு, லீகியா நாட்டு மீறாப் பட்டினத்திற் கப்பல் மாறி, அலெக்சந்திரியாவிலிருந்து இத்தாலியாவுக்குச் செல்லும் கப்பலில் ஏறினார். அதில் இருந்தோர் 276 பேர். எதிர்க்காற்றால் நாட்கள் பல வீணாகிக் கிரேத்தாத் தீவின் நல்ல துறைமுகம் என்னும் இடத்தை அடைந்தபோது நோன்புநாளுங் கழிந்து, கடற்செலவுக்குரிய காலம் முடிந்துவிட்டது. இனிச் சென்றாற் சரக்கிற்கும் கப்பலுக்கும் உயிருக்கும் சேதம் வருமென்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பலுக்குடையவனையும் நம்பினான். அவனை யாம் முற்றுங் குறைகூறோம். கடலறிந்தோன் சொல்லை விட்டுக் கைதியின் சொல்லைக் கேட்பார் யார்? அத்துறைமுகமும் மாரிகாலத்திற் றங்குதற்கு ஏற்றதன்று. தென்றல் மெல்ல வீசியது கண்டு நங்கூரம் எடுத்தனர். நம் புலவர் போற்றும் தென்றல் அன்று அவர்களை ஏமாற்றிற்று. யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று மோதிக் கப்பலை வாரிக்கொண்டு போயிற்று.

இனி, பொருள்களை அவர்கள் விட்டுக்கொடுத்த வரிசையை நோக்குக. கிலவுதா என்னும் சிறு தீவின் ஒதுக்கிலே முதலிற் படகைத் தூக்கிக் காத்து, கப்பலைக் கயிறுகளாற் சுற்றிக் கட்டினர். மறுநாட் சரக்குகளிற் சிலவற்றை எறிந்தனர். மூன்றாம் நாட் கப்பலின் தளவாடங்களையும் எறிந்தனர். இதனைத் தம் கைகளாலேயே செய்ததாக லூக்கா குறிக்கின்றார். அன்றும் கோதுமை எஞ்சியிருந்தது. பதினான்காம் இரவில் ஆழம் பார்த்தபோது 20 பாகமும், சற்றே அப்பால் 15 பாகமும் இருக்கக் கண்டு, பின்னணியத்தில் நான்கு நங்கூரங்களை விட்டுப் பொழுது விடிதற்குக் காத்திருந்தனர். விடியற்காலையில் எல்லாரும் உண்டு திருப்தியான பின்னரே கோதுமையைக் கடலில் எறிந்தனர். எறிந்துவிட்டு உண்ணத் தேடினாரல்லர். இவ்வொழுங்கு எமக்கு மிகவும் பிடித்தது. 1848-ஆம் ஆண்டு இப்பயணத்தைப்பற்றி நூலெழுதிய ஜேம்ஸ் ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், கிலவுதாவினின்று மெலித்தாவரை ஏறக்குறைய 476 மைல் என்றும், காற்றோடு ஒதுங்கிச் செல்லுங் கப்பல் அதனைச் சற்றேறக்குறைய 13 நாளிற் கடக்குமென்றும் கணக்கிட்டார். லூக்கா கூறும் பதினான்காம் இரவோடு அக்கணக்கு ஒத்திருக்கின்றது.

இவ்வளவு பொருளை இழந்தும் கலங்காத கூட்டத்திற்குப் பெரிய இடர் அவ்விரவிலேதான் வந்தது. கப்பலாட்கள் முன்னணியத்தில் நங்கூரம் போடுவார்போற் படகை இறக்கித் தாம் மட்டும் தப்ப முயன்றனர். இவர்கள் கப்பலில் இராவிடின் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுல் போர்ச்சேவகர்க்கு அறிவித்தார். உடனே சேவகர் படகின் கயிறுகளை அறுத்துவிட்டனர். முதல் நாள் அரும்பாடுபட்டுக் காத்த படகு அது. எனினும் கூட்டத்தைப் பிளக்குங் கருவியாயினமையின் அதனையும் விட்டனர். அதன்பின், பதினான்கு நாள் உண்ணாதிருந்தோரைப் பவுல் உண்ணும்படி வேண்டித் தாமே அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் ஸ்தோத்திரஞ் செய்து, பிட்டு உண்ணத் தொடங்கினார். கப்பலில் இருந்தோர் இத்தனை பேர் என்று லூக்கா எண்ணிச் சொல்லுவதும் இவ்விடத்திலேதான். உணவு பகிரும்போது தலை எண்ணுதல் இயல்பன்றோ?

தமிழ் படிப்போர் கருதத்தக்க ஒன்று இங்குளது. மூலமாகிய கிரேக்க மொழியிற் கேட்போரை உளப்படுத்துவதற்கும் உளப்படுத்தாததற்கும் தன்மைப் பன்மைச் சொல் ஒன்றே. தமிழில் 'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும் வெவ்வேறாதலின், மொழிபெயர்த்தோர் இடமறிந்து தேரவேண்டியவராயினர். லூக்கா வாசகரை நோக்கிக் கூறுமிடத்து 'நாங்கள்' என்றும், நடுக்கடலிற் பவுல் கப்பலோரை நோக்கி ஒரு தீவில் விழவேண்டியிருக்கும் என்று கூறுமிடத்து 'நாம்' என்றும் அமைத்தனர். கைதி, காவலன், மாலுமி, கப்பலுக்குடையவன் யாவரும் அச்சொல்லுள் அடங்கினர். விமான நிலையத்தில் யாம் ஒருவரையொருவர் நோக்கி ஓயாது வழங்கிய சொற்கள் 'நாங்கள்' என்பதும் 'நீங்கள்' என்பதுமே. 'நாம்' எவர் வாயிலும் வந்ததாக நினைவில்லை.

கப்பல் முடிவில் இருபுறமுங் கடல் மோதிய இடத்தில் தட்டிப் பின்னணியம் உடைந்தது. நீந்த அறிந்தோர் முதலிலும், ஏனையோர் பலகைகள்மேலும் கப்பற்றுண்டுகள்மேலும் கரையேறினர். உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. மூட்டை கொண்டுவந்தோரும் ஒருவரும் இருந்திரார். மெலித்தாத் தீவார் மழைக்கும் குளிருக்கும் தீமூட்டி வரவேற்றனர். பவுல் விருந்தினராய் வாளா அமர்ந்திராது விறகு பொறுக்கிய செய்தி சிறியதேனும் மறக்கத்தக்கதன்று. மூன்று மாதங் கழித்து அவர்கள் புறப்படும்போது வேண்டியவற்றை அத்தீவாரே கப்பலில் ஏற்றினர்.

இத்துணையுங் கண்டவர், பொருளைப்பற்றிப் பவுலடிகளுக்குக் கவலையே இல்லை என்று கருதுதல் கூடும். அவ்வாறன்று. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவிற் றாம் விட்டுவந்த பொருள்களைக் கேட்கின்றார். இருக்கும் ஊர் துரோவா, வைத்திருப்பவன் கார்ப்பு, பொருள்கள் மேலங்கியும் புத்தகங்களும், அவற்றினும் முக்கியமானவை தோற்சுருள்கள். சில அடிகள் கழித்து, மாரிகாலத்திற்கு முன் வந்துசேர முயலுமாறும் தீமோத்தேயுவை வேண்டுகின்றார். காணாத பெட்டிக்கு விண்ணப்பம் எழுதுவோர் இதனினுந் தெளிவாக எழுதுதல் அரிது.

இன்று அவ்விண்ணப்பத்திற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் நகரில் வகுக்கப்பெற்று, இந்தியா 2009-இல் ஏற்ற உடன்படிக்கையின்படி, விமானத்தாரிடம் ஒப்புவித்த பெட்டி சேதமுற்று வந்தால் அதனைப் பெற்ற 7 நாளுக்குள்ளும், தாமதமாய் வந்தால் பெற்ற 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிடல் வேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தும் வாராத பெட்டிக்கு, அஃது இழந்ததாகவே கொண்டு ஈடு கேட்கலாம். பெட்டியை ஒப்புவிக்கும்போது தருஞ் சீட்டைப் பத்திரப்படுத்துதலும், நிலையத்தை விட்டு நீங்குமுன்னரே முறையீட்டைப் பதிந்து அதன் எண்ணைப் பெறுதலும் இன்றியமையாதன. யாம் பூசலிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எம் ஆசிரியருள் ஒருவர் தனியே சென்று இவ்விரண்டையும் முடித்து வந்தார்.

மருந்துப் பெட்டியும் மற்றொன்றும் மூன்றாம் நாள் விடுதிக்கு வந்தன. கட்டுரைப் பெட்டி வரவேயில்லை. நினைவில் இருந்தவற்றைக்கொண்டு அறுவர் ஓரிரவிற் புதிதாக எழுதினர். ஏனையோர் அவர்களுக்குத் தேநீர் கொணர்ந்தும் படியெடுத்தும் விடியுமளவும் உடனிருந்தனர். துரோவாவிலிருந்த தோற்சுருள்கள் உரிய காலத்திற் சென்று சேர்ந்தனவா என்பது வேதத்தில் எழுதப்படவில்லை.