‘வந்திருக்கான்’, ‘வந்திருக்காரு’

அன்புள்ள அம்மிணிக்கு,

அத்தை எழுதுகிறேன். ஊர் போய்ச் சேர்ந்த அன்றே போன் பண்ணினாய். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி, ‘நற்பழக்கங்கள்’ என்று தலைப்பு, மூன்று நிமிஷம் பேச வேண்டும். “அஞ்சு பாயிண்ட் மட்டும் சொல்லுங்க அத்தை, மீதியை நான் பாத்துக்கறேன்” என்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம். விடியலில் எழு, பொய் பேசாதே, பெரியவர்களை மதி, குப்பையைத் தொட்டியில் போடு, நேரத்துக்குப் படி. முப்பத்து நான்கு வருஷம் டீச்சராக இருந்தவளுக்கு இதெல்லாம் தூக்கத்திலும் வரும். ஆனால் லீவுக்கு நீ இங்கே இருந்த பத்து நாளில் நடந்த ஒன்று மனசிலேயே கிடக்கிறது. அதைச் சொல்லாமல் உனக்குப் பாயிண்ட் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் சொன்னால் அத்தை திட்டுகிறாள் என்று நினைப்பாய். அதனால்தான் கடிதம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

அன்றைக்குப் புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மாடி வராந்தா ஊஞ்சலில் நீ செல்போனோடு உட்கார்ந்திருந்தாய். நான் அடுப்படியில் இருந்தேன். படியில் கனமான காலடி கேட்டது. பிறகு இரும்பைத் தரையில் இறக்கும் சத்தம். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தாய்: “அத்தே, கேஸ்காரன் வந்திருக்கான்!”

வந்தவருக்கு உன் அப்பாவைவிட ஏழெட்டு வயசு கூடுதலாக இருக்கும். காலி சிலிண்டரே ஏறக்குறைய 15 கிலோ. உள்ளே இருக்கும் எரிவாயு 14.2 கிலோ. கிட்டத்தட்ட முப்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு நம் வீட்டின் 22 படியையும் ஏறி வந்திருந்தார். நெற்றி வியர்வை புருவத்தில் தேங்கி நின்றது. தோள் துண்டை எடுத்துத் துடைத்தார். நீ சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. முகம் மாறவில்லை. மாறாமல் இருந்ததுதான் என்னைச் சுட்டது. தினமும் வீடு வீடாக அதைக் கேட்டுப் பழகிய காது அது. நானும் புக்கைத் தேடி, பணத்தை எண்ணிக் கொடுக்கும் அவசரத்தில் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காமல் அனுப்பிவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

அதே நாள் சாயங்காலம் பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா காரில் வந்தார். நீ சட்டென்று எழுந்தாய். போனைக் கவிழ்த்து வைத்தாய். “வாங்க மாமா, உக்காருங்க, தண்ணி கொண்டாரட்டுங்களா?” என்று கேட்டாய். என்ன அழகான பேச்சு! மரியாதை தெரியாத பிள்ளை என்றால் சொல்லிக் கொடுத்துவிடலாம். உனக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்றும் சேர்த்துத் தெரிந்திருக்கிறது. அதை நாங்கள்தான் உனக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். வேறு யாரிடமிருந்து கற்றிருப்பாய்?

நம் மொழியில் ஒரு விஷயம் இருக்கிறது, கவனித்திருக்கிறாயா? ஆங்கிலத்தில் கலெக்டர் வந்தாலும் கேஸ் கொண்டுவருபவர் வந்தாலும் ‘ஹீ கேம்’ என்று ஒரே மாதிரி சொல்லி முடித்துவிடலாம். தமிழில் அது நடக்காது. ‘வந்தான்’ என்பதா ‘வந்தார்’ என்பதா என்று வாய் திறப்பதற்குள் நாம் முடிவு கட்டியாக வேண்டும். கொங்குச் சீமையில் இன்னும் ஒரு படி மேலே போய் ‘வாங்க, சரிங்க, இல்லீங்க’ என்று சொல்லுக்குச் சொல் ‘ங்க’ போடுகிறோம். வெளியூர்க்காரர்கள் கேட்டு மகிழ்ந்துபோகிறார்கள். எனக்கும் அது பெருமைதான். ஆனால் அந்த ‘ங்க’ எந்த வாசல் வரைக்கும் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்த்தால் அந்தப் பெருமை குறைந்துவிடுகிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். 1970ல் நான் ஐந்தாம் வகுப்பு. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நமக்கு நெல் வயல் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு அறுபது வயசுக்கு மேல். தலை முழுக்க நரை. பத்து வயசுப் பிள்ளை நான், அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். “இங்க வா, அந்தக் கொய்யாக்காயைப் பறிச்சுக் குடு” என்பேன். அவர் “வர்றனுங்க அம்மிணி” என்பார். தாகம் என்றால் அவர் இரண்டு கையையும் குவித்துக் குனிவார். நம் வீட்டில் சொம்பை உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். சொம்பை அவர் கையில் கொடுக்க மாட்டார்கள். தீண்டாமையை ஒழித்து அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு வந்து அப்போது இருபது வருஷம் ஆகிவிட்டிருந்தது. நம் வீட்டுச் சொம்புக்கு அது தெரியவில்லை.

ஒரு நாள் நான் அவரை அப்படிக் கூப்பிட்டு அதட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வாத்தியார் வாய்க்கால் மேட்டில் சைக்கிளில் வந்தார். நிறுத்தி இறங்கினார். ஸ்டாண்டு போட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. பெரியவரிடம் போய்க் கையைக் கூப்பி, “வணக்கங்க ஐயா, நல்லா இருக்கீங்களா? நடவு முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டார். பெரியவர் தடுமாறிப்போய்த் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினார். இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வாத்தியார் போய்விட்டார். மறுநாள் வகுப்பிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உடனே நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது பொய். மறுநாளும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், வீட்டில் எல்லோரும் அப்படித்தானே. ஆனால் கூப்பிடும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ உறுத்தியது. சில நாள் கழித்து, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து “தாத்தா” என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். அம்மிணி, இன்றைக்கு எனக்கு வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த முதுகு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, வீட்டுக்குள் வருவோம். திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல், பத்தாவது இனியவை கூறல், பதினொன்றாவது செய்ந்நன்றியறிதல். இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு ஒருவர் வருகிறார், அவரிடம் நல்லபடியாகப் பேசுகிறோம், பிறர் செய்ததை மனசில் வைக்கிறோம். ‘வாங்க’ என்று சொல்ல எழுந்து நில். போனைக் கீழே வை. வந்தவர் முன்னால் அம்மாவிடம் ரகசியமாகக் காதில் பேசாதே. அவர் கிளம்பும்போது வாசல் வரை போ. நீ எங்காவது கிளம்பினால் ‘போறேன்’ என்று வெட்டிவிடாமல் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லும் பழக்கம் உனக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதே. துக்க வீட்டில் மட்டும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து வருவோம். பெரியவர்கள் ஏன் பேசாமல் கிளம்புகிறார்கள் என்று அப்போது உனக்குப் புரியும்.

நன்றி என்ற சொல்லை நம் பாட்டிகள் வாயில் நான் கேட்டதே இல்லை. அவர்களுக்கு நன்றி இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், நாலு முருங்கைக்காயாவது போகும். நீ ‘தேங்க்ஸ்’ என்று சொல்வது நல்லதுதான், சொல். அதோடு, இரண்டாவது தோசை கேட்கும் முன் அடுப்படியை எட்டிப் பார். மாவு எவ்வளவு இருக்கிறது, அம்மா சாப்பிட்டாளா என்று கேள். லீவில் பத்து நாளும் நீ தட்டை நீயே கழுவி வைத்தாய், நான் கவனித்தேன். உன் அண்ணன் தட்டு மட்டும் சாப்பிட்ட இடத்திலேயே காய்ந்து கிடந்தது. இந்தக் கடிதத்தை அவனுக்கும் படித்துக் காட்டு. இது பெண்பிள்ளைக்கு மட்டும் எழுதியது என்று அவன் நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு வணக்கம் சொல்வாய், சந்தேகமே இல்லை. தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக 2021 டிசம்பரில் அரசு அறிவித்தபோது 55 விநாடியில் பாட வேண்டும், பாடும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று சொன்னது. மாற்றுத் திறனாளிகளுக்கு அதில் விலக்கு உண்டு. நிற்க முடியாத ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதை யாராவது திரும்பித் திரும்பிப் பார்த்தால், ‘அவ உக்காந்திருக்கலாம்’ என்று மெதுவாகச் சொல். பாத்ரூமில் தண்ணீர் ஊற்றிவிட்டு வா. உனக்குப் பிறகு அங்கே நுழைவது ஆயாம்மா. ஆயாம்மாவுக்கும் ‘வாங்க’தான்.

சத்துணவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கியது அந்தத் திட்டம். இரண்டு வருஷம் கழித்து நான் வேலையில் சேர்ந்தேன். முதல் மணி அடிக்கும்போதே சத்துணவுக்கூடத்தில் அரிசி களையத் தொடங்கிவிடுவார்கள். ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர், இவ்வளவுதான் ஆள். புகையில் கண் சிவந்து, அத்தனை பிள்ளைகளுக்கும் ஆக்கிப் பரிமாறுவார்கள். பின்னாளில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு மறக்காமல் வாழைப்பழமும் எடுத்து வைப்பார்கள். என் வகுப்பில் ஒரு பெண் அந்தச் சாப்பாட்டை ஆசையாகச் சாப்பிடுவாள். வீட்டு டிபன் கொண்டுவரும் பிள்ளைகள் அவளுக்குச் ‘சத்துணவு’ என்றே பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் அவள் தட்டை எடுக்கவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரியவே நாலு நாள் ஆயிற்று. அதற்கப்புறம் நானும் தட்டை எடுத்துக்கொண்டு அவளோடு வரிசையில் நின்றேன். பட்டப்பேர் ஒரே நாளில் போகவில்லை, ஆனால் போயிற்று. யார் டப்பாவைத் திறந்தாலும் மூக்கைப் பொத்தாதே. கருவாடாக இருக்கட்டும், பழைய சோறாக இருக்கட்டும். பரீட்சைத்தாள் வாங்கி வருகிறவளிடம் ‘எத்தனை மார்க்?’ என்று முதல் கேள்வியாகக் கேட்காதே. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்.

பெரியவர்களை மதிப்பது என்றால் அவர்கள் என்ன செய்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று யாராவது சொன்னால் நம்பாதே. பிள்ளைகளை அடிப்பதும் மனசு நோகும்படி நடத்துவதும் கூடாது என்று 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. உனக்குப் பிடிக்காதபடி யார் தொட்டாலும், அவர் நாம் ‘வாங்க’ சொல்லி உட்கார வைத்த சொந்தக்காரராகவே இருந்தாலும், சத்தமாக ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு. அம்மாவிடம் சொல், இல்லையென்றால் என்னிடம் சொல். யாரும் கிடைக்கவில்லையா, 1098க்குப் போன் பண்ணு. குழந்தைகளுக்கென்றே இருக்கும் எண் அது. அப்படிச் சத்தம் போட்டதற்காக உன்னை மரியாதை இல்லாத பிள்ளை என்று இந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம்.

தப்புச் செய்துவிட்டால் ‘ஸாரி’யைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடாதே. நின்று, முகத்தைப் பார்த்து, என்ன செய்தாய் என்று நீயே சொல். ‘உங்க புத்தகத்துல மை கொட்டிட்டேன்’ என்று சொல்வது கஷ்டம்தான். எனக்கு இந்த வயசிலும் கஷ்டம். வயலில் வேலை பார்த்த அந்தப் பெரியவரிடம் என் தப்பை நான் சொல்லவே இல்லை. நான் பி.எட். படிக்க வெளியூர் போயிருந்தபோது அவர் இறந்துவிட்டார்.

பேச்சுப் போட்டிக்கு ஐந்து பாயிண்ட் இதில் தேறுமா, தெரியவில்லை. ஏதாவது ஒன்றை எடுத்து, உனக்கு நடந்ததாகவே பேசு. மூன்று நிமிஷம் தானாக ஓடிவிடும்.

கேஸ் கொண்டுவருகிறவரிடம் அடுத்த முறை பேர் கேட்டுக்கொண்டேன். பொண்ணு பத்தாம் வகுப்பாம், கணக்கில் கெட்டியாம். பேரை இதில் எழுதவில்லை, நீயே கேட்டுத் தெரிந்துகொள். தீபாவளி லீவுக்கு நீ வரும்போது அடுத்த சிலிண்டர் வரும் கணக்குத்தான். பெரிய சொம்பு அடுப்படி ஜன்னல் ஓரத்தில் இருக்கும். மண்பானையில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். மொண்டு எடுத்துப்போய் அவர் கையில் கொடு.

அன்புடன்,
அத்தை