குடியில் விழுந்தவரும் நம் வீட்டாரும்

மது ஹராம் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டிலேயே ஒருவர் அதற்கு அடிமையாகிவிட்டால் அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை நாம் கற்றுக்கொள்ளவில்லை. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், பெண்மக்களுக்குச் சம்பந்தம் வராது என்று வாசலைச் சாத்திக்கொள்கிறோம். சாத்திய வாசலுக்குள் நடப்பதெல்லாம் ஏச்சும் சாபமும்தான்.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். 'ஹிமார்' என்பது அவருடைய பட்டப்பெயர். வேடிக்கையாகப் பேசிப் பெருமானாரைச் சிரிக்கவைப்பார். குடித்ததற்காகத் தண்டனையும் பெற்றார். மறுபடி ஒரு நாள் அதே குற்றத்துக்காகக் கொண்டுவரப்பட்டபோது, எத்தனை முறைதான் இவரைக் கொண்டுவருவது என்று அலுத்துக்கொண்ட ஒருவர் அவரைச் சபித்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. தண்டனை தள்ளுபடியாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குடிப்பவரைச் சபிக்கும் ஹதீஸும் உண்டே என்று சிலர் கேட்கலாம். குற்றத்தைப் பொதுவாகச் சபிப்பது வேறு, ஓர் ஆளைச் சுட்டிச் சபிப்பது வேறு என்று மார்க்க அறிஞர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு தவறும் நம்மிடம் இருக்கிறது. குடித்தவருடைய தொழுகை 40 நாட்களுக்கு ஏற்கப்படாது என்ற ஹதீஸை எடுத்துக்காட்டி, "நீ தொழுது என்ன பயன்?" என்று கேட்டுவிடுகிறோம். நன்மை கிடைக்காது என்பதே அதன் பொருள், கடமை நீங்கிவிடாது. போதை தெளிந்து பள்ளிவாசல் படி ஏறுகிறவரை நம் வார்த்தையே திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்தது இது. பத்து ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் குடித்தவர், ரமலான் முதல் பிறையன்று தௌபாச் செய்து அடியோடு நிறுத்தினார். வீடே மகிழ்ந்தது. இரண்டாம் நோன்பன்று கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. அன்றிரவு வலிப்பு வந்தது. ஜின் சேட்டை என்று எண்ணி ஓதிப்பார்க்க ஆள் தேடினார்கள். தெருவில் இருந்த கம்பவுண்டர் ஒருவர்தான் அதட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்த உடல், திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களிலேயே இப்படித் தாக்கப்படலாம். அடுத்து சித்தம் கலங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்காக மறுபடி மதுவைக் கொடுக்க வேண்டியதில்லை. நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. தையமின் என்னும் பி1 சத்தை ஊசியாகவும் போடுகிறார்கள். ஆகவே தௌபாவுக்கு நாள் குறிக்கும் வீட்டார் அன்றே டாக்டரையும் பார்க்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்கத் திருமறையே (2:185) அனுமதிக்கிறது.

தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் 'குடி மறக்கும் மருந்து' வேண்டவே வேண்டாம். அத்தகைய மருந்துகளில் சில, மேலே மது பட்டால் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பாதித்து ஆளையே சாய்த்துவிடும்.

அவர் குடித்த கடனை மனைவி நகையை விற்று அடைப்பதும், வேலைக்குப் போகாத நாளில் "காய்ச்சல்" என்று பிள்ளையை விட்டுச் சொல்லச்செய்வதும் பரிவு போலத் தோன்றும். ஆனால் அவை அடுத்த பாட்டிலுக்கே வழிசெய்கின்றன. கை ஓங்குகிறவரானால் மனைவி மக்கள் தாய்வீட்டிலோ வேறு பாதுகாப்பான இடத்திலோ தங்கட்டும். அது உறவை முறிப்பதாகாது.

மேலே சொன்னவர் ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் ஒருமுறை மீண்டும் வழுக்கினார். இம்முறை வீட்டில் யாரும் ஏசவில்லை. அவருடைய உம்மா கஞ்சி கொடுத்தார்கள்; மச்சான் அதே டாக்டரிடம் கூட்டிப்போனார். விட்ட நோன்புகளை எல்லாம் அவர் கழாச் செய்து முடிப்பதற்குள் ரஜப் பிறந்துவிட்டது.