கைக்குழந்தைக்கு மூத்திரப்பை ஸ்கேனா? தயாராவது எப்படி?

"நீங்க சித்த வைத்தியர்தானே, இந்த ஸ்கேன் எல்லாம் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்!" பேரக்குழந்தையைத் தூக்கி வரும் பாட்டிமார்கள் என்னிடம் கேட்பது இது. சொல்ல மாட்டேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

சளி இல்லை, பேதி இல்லை, ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. யூரின் கல்ச்சரில் கிருமி தெரிகிறது. இதைச் சூட்டினால் வந்த நீர்க்கடுப்பு என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், மூத்திரப்பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து உள்ளே போகிறது. பை நிறையும்போது அந்த இடம் அமுங்கித் தானாக மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்த அமைப்பு சரியாக இருக்காது. சிறுநீர் வந்த வழியே மேலே ஏறும். கிருமியும் கூடவே ஏறும். சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிட்டால் அதை அழிக்க என்னிடமும் மருந்து இல்லை, ஆங்கில மருத்துவரிடமும் இல்லை. ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

சீட்டில் எழுதியிருப்பது எந்த ஸ்கேன் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு வேறு.

அல்ட்ரா சவுண்ட் என்றால் கவலையே வேண்டாம். வலி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. குழந்தையைப் பட்டினி போட வேண்டியதில்லை. சொல்லப்போனால், பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாகத் தெரியும். அரை மணி நேரம் முன்னதாகப் பால் கொடுங்கள். வயிற்றில் ஜெல்லி பட்டதும் ஜில்லென்று இருக்கும், குழந்தை அந்த நிமிஷமே மூத்திரம் போய்விடும்! அதனால் கடைசி நிமிஷம் வரை துணியை அவிழ்க்காதீர்கள். போய்விட்டால் மறுபடி பால் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தால், அந்த ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

தாய்மார்கள் கலங்குவது எம்.சி.யு.ஜி. என்ற எக்ஸ்ரே பரிசோதனைக்குத்தான். நீர்த்தாரை வழியாக மெல்லிய ட்யூப் நுழைத்து, பைக்குள் மருந்து நிரப்பி, குழந்தை மூத்திரம் போகும்போது படம் எடுப்பார்கள். குழந்தை அழும், மறைப்பானேன்? பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருங்கள். அறைக்குள் ஈயக் கவசம் தருவார்கள். தாய் மறுபடி கர்ப்பமாக இருந்தால் உள்ளே போகவே கூடாது, அப்பாவோ பாட்டியோ நிற்கட்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்தை ஒரு வேளை கூட விடாதீர்கள். அன்று காய்ச்சல் இருந்தால் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள், பரிசோதனையை வேறு நாளுக்கு மாற்றுவார்கள். அரைஞாண் கொடி, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வெள்ளி சரியாகப் படத்தின் மேல்தான் விழும். தொடையிடுக்கில் பவுடர் போட வேண்டாம்.

டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன், தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க. பெரும்பாலும் கிருமித் தொற்று ஆறி 4 முதல் 6 மாதம் கழித்து எடுப்பார்கள். நரம்பில் ஊசி போட்டு, 2, 3 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். படம் எடுக்கும்போது குழந்தை அசையக் கூடாது. காலையில் கொஞ்சம் விழித்திருக்க விட்டு, படத்துக்குச் சற்று முன் பால் கொடுத்தால் தானாகத் தூங்கிவிடும். இதற்காக ஜாதிக்காய் உரசிக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்! மயக்கம் கூடினால் மூச்சுக்கே ஆபத்து. நீர் பிரியட்டும் என்று நெருஞ்சில், சிறுபீளைக் குடிநீர் புகட்டவும் வேண்டாம். பெரியவர்களுக்கு நானே கொடுப்பவன்தான், கைக்குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன். ஊசி மருந்து மூத்திரத்தோடு வெளியேறும் என்பதால், ஒரு நாள் துணி மாற்றும்போதெல்லாம் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

எம்.சி.யு.ஜி. முடிந்து வீடு வந்ததும் முதல் சில தடவை எரிச்சலில் குழந்தை அழலாம், மூத்திரம் லேசாகச் சிவந்திருக்கலாம். ஒரு நாளில் சரியாகிவிடும். அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். 6 மாதம் ஆகாத குழந்தைக்கு இளநீர், பார்லித் தண்ணீர் எதுவும் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, மூத்திரம் போகாமல் வயிறு உப்பினாலோ, ரத்தம் கட்டியாக வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.