கதை, கவிதை அனுப்பப் போகிறீர்களா?

நோட்டு நிறைய எழுதி வைத்துக்கொண்டு, எங்கே அனுப்புவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்கள் மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் எத்தனையோ பேர். சிபாரிசு இல்லாமல் எதுவும் அச்சாகாது என்ற எண்ணமும் கூடவே இருக்கும். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு இந்தக் குறிப்புகள்.

1. முதலில் பக்கத்தில் தேடுங்கள். பாரதியின் கவிதை முதன்முதலாக அச்சேறியது மதுரையில்தான். 1904 ஜூலையில் 'விவேகபாநு' என்ற மதுரை மாத இதழில் 'தனிமை இரக்கம்' வந்தது. அப்போது அவருக்கு வயது 21. சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர் வேலைகூட அடுத்த மாதம்தான் கிடைத்தது. சென்னை, 'சுதேசமித்திரன்' எல்லாம் அதற்கும் பிறகு. இன்றைக்கு மதுரைக்காரர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது 'செம்மலர்'. 1970-ல் தொடங்கிய மாத இதழ், புதியவர்களின் சிறுகதைகளைப் போட்டு வளர்ந்தது. இடதுசாரி இதழ் என்பதை மனத்தில் வைத்து, சில இதழ்கள் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

2. எந்த இதழானாலும் அண்மையில் வந்த மூன்று இதழ்களையாவது படிக்காமல் அனுப்பாதீர்கள். வார இதழ் கேட்பது ஒரு பக்கம், மூன்று பக்கம். 'காலச்சுவடு', 'உயிர்மை', 'கணையாழி' மாதிரி இதழ்களில் நீண்ட கதைக்கும் இடம் உண்டு, ஆனால் அவர்களுக்குப் பிடிக்கும் கதையே வேறு. எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகாது. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் வார இதழ்கள் கிடைக்கும். படிக்கும்போது கதை எத்தனை வார்த்தை வரும் என்று தோராயமாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 800 வார்த்தைக் கதை போடும் இதழுக்கு 3,000 வார்த்தையை அனுப்பினால் ஆசிரியர் வெட்டித் திருத்தப்போவதில்லை, ஒதுக்கிவிடுவார்.

3. முகவரியைப் பழைய இதழிலிருந்து எடுக்காதீர்கள். 'விகடன் தடம்' 2019-ல் நின்றுவிட்டது. 'கல்கி' 2020-ல் அச்சை நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பரணில் கிடைத்த இதழைப் பார்த்து அனுப்பினால் பதில் வராது.

4. 'இது என் சொந்தக் கற்பனை. வேறு எந்த இதழுக்கும் அனுப்பவில்லை, எங்கும் வெளியாகவில்லை' என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதினால் அதன்படி நடக்கவும் வேண்டும். ஒரே கதை ஒரே மாதத்தில் இரண்டு இதழ்களில் வந்துவிட்டால் இரண்டு கதவுகளும் சாத்திக்கொள்ளும். அதற்காக ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டாம். மாத இதழுக்கு மூன்று மாதம் கொடுங்கள். தகவல் இல்லையென்றால், 'இந்தக் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

5. யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். பாமினியிலோ வானவில்லிலோ அடித்து அனுப்பினால் மறுமுனையில் வெறும் ஆங்கில எழுத்தும் கொக்கியுமாகத் தெரியக்கூடும். வேர்டு கோப்பாக அனுப்புங்கள். நோட்டுப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பெயர், முழு முகவரி, கைப்பேசி எண் மூன்றும் கடிதத்தில் மட்டுமல்லாமல் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். கடிதம் வேறு, கதை வேறு என்று பிரிந்து போவது சகஜம்.

6. தபாலில் அனுப்புபவர்கள் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். நகல் இல்லாமல் எதையும் பெட்டியில் போடாதீர்கள். பிரசுரமாகாதவை திரும்பி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

7. கவிதை என்றால் நான்கு அல்லது ஐந்து. முப்பது அனுப்பினால் ஆசிரியர் முதல் மூன்றைப் படித்துவிட்டு மீதியைப் புரட்டுவார். நல்லது பதினேழாவதாக இருந்தால் போச்சு.

8. புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரையும் தெரிவித்துவிடுங்கள். புனைபெயருக்கு வரும் காசோலையை வங்கியில் வாங்க மாட்டார்கள். சன்மானம் சின்னத் தொகையாகத்தான் இருக்கும், சிற்றிதழ்களில் பெரும்பாலும் அதுவும் இருக்காது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனத்தாங்கல் இல்லை.

9. மதுரை என்றவுடன் மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா, அரிவாள், அழகர் ஆற்றில் இறங்குவது! வெளியூர்க்காரர்களே இதை எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஜி. நாகராஜன் இந்த ஊரின் சந்துகளையும் அங்கே பிழைப்பு நடத்திய மனிதர்களையும் எழுதித்தான் நின்றார். மாட்டுத்தாவணிக் காய்கறி மண்டி, செல்லூர்த் தறி, பெரியாறு பாசனத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம் என்று உங்களுக்குத்தான் தெரிந்தது எவ்வளவோ இருக்கிறது. பேச்சு வழக்கை உரையாடலில் தைரியமாக எழுதலாம். ஒரே ஆள் ஓரிடத்தில் 'வந்தாய்ங்க' என்றும் அடுத்த பக்கத்தில் 'வந்தார்கள்' என்றும் பேசாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

10. பண்டிகைக் கதையைப் பண்டிகைக்கு முந்தின வாரம் அனுப்பாதீர்கள். தீபாவளி மலருக்கு ஆடி மாதமே அனுப்பிவிடுவது நல்லது, பொங்கலுக்குக் கார்த்திகை.

11. போட்டிகளை விடாதீர்கள். பெயர் தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும் சமமான வாசல் அதுதான். வாரமலரின் டி.வி.ஆர். நினைவுச் சிறுகதைப் போட்டியைப் பற்றித் தென்மாவட்டங்களில் தெரியாதவர் குறைவு. விதிமுறையை இரண்டு முறை படியுங்கள். பரிசு பெறாத கதையையும் அவர்கள் வெளியிட்டுக்கொள்ளலாமா என்பது அதில் இருக்கும்.

12. 'உங்கள் கவிதையைத் தொகுப்பில் சேர்க்கிறோம், பணம் அனுப்புங்கள், சான்றிதழும் கேடயமும் உண்டு' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு விலகிவிடுங்கள். அந்தத் தொகுப்பை வாங்குபவர்கள் அதில் எழுதியவர்கள் மட்டுமே. அந்தக் காசுக்குத் தமுக்கம் புத்தகக் காட்சியில் நல்ல கவிதைத் தொகுப்பு இரண்டு வாங்கலாம்.

13. கூட்டத்துக்குப் போங்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975-ல் பிறந்ததே மதுரையில்தான். இப்போது தமுஎகச என்கிறார்கள். கிளைக் கூட்டங்களில் கதை வாசிக்கலாம். வேறு இலக்கிய அமைப்புகளும் ஊருக்குள் உண்டு. பாராட்டு கிடைக்கும் என்று போகாதீர்கள். உரக்க வாசிக்கும்போது எந்த இடத்தில் ஆட்கள் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். வெட்ட வேண்டிய பத்தி அதுதான்.

14. உரிமை எழுதியவருக்கே. 1957 காப்புரிமைச் சட்டப்படி வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டும். பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. பதிப்பாளருக்கு உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். 'அனைத்து உரிமைகளும்' என்று அச்சடித்த தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். சினிமாவுக்கு எடுக்கும் உரிமையும் அந்த 'அனைத்து'க்குள் அடங்கிவிடலாம்.

15. புத்தகமாகப் போட அவசரம் வேண்டாம். பத்துக் கதையாவது இதழ்களில் வந்த பிறகு பதிப்பாளரிடம் போனால் பேச்சே மாறும். அப்போதும் ஊர்ப் பக்கத்தை மறக்காதீர்கள். சிவகங்கையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்துகொண்டே கவிஞர் மீரா நடத்திய அன்னம் பதிப்பகம் எத்தனையோ புதுக் கவிஞர்களைப் புத்தகமாக்கியது. பணம் இல்லாதவர்கள் மாவட்டத் தமிழ் வளர்ச்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். நூல் வெளியிட அரசு நிதியுதவி உண்டு. அதற்கு வருமான வரம்பும் உண்டு.

16. சொந்தமாகவே போடுவதென்றால் ஃபாரம் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். டெமி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 80 பக்கம் என்றால் ஐந்து ஃபாரம். 83 பக்கம் வந்தால் ஆறாவது ஃபாரத்துக்கும் காகிதம் போகும், பாதிக்கு மேல் வெற்றுத் தாளாக. மூன்று பக்கத்தைக் குறைத்துவிடுங்கள், கவிதைக்கும் நல்லது. முதலில் 100 பிரதி டிஜிட்டலில் அடித்தால் போதும். ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம் இலவசமாகத் தருகிறது. அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி இலவசமாக அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். நீங்களே பதிப்பாளர் என்றால் அந்தப் பொறுப்பும் உங்களுடையது. அச்சகக்காரரிடம் எண்ணிக்கை சொல்லும்போது அந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.